மீன் வயிறு நல்லா இருந்தா நம்ம கணக்கும் நல்லா இருக்கும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில், மீன் வளர்ப்புப் பயிற்றுநராக இருக்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பில் பல குழுக்கள் ஊராட்சிக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்க முன்வந்திருக்கின்றன. பண்ணைக்குட்டை வெட்டிய குழுக்களும் இருக்கின்றன. வங்கிக் கடன் வாங்கியாச்சு. சில பேர் பிரதம மந்திரியின் மீன்வளத் திட்டத்தில் மானியத்துக்கும் மனு கொடுத்திருக்கிறார்கள். 2020-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தனிநபர் பயனாளிக்குப் பொதுப்பிரிவில் 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. அதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் மானியம் போக மீதிப் பணம் நம்ம பணம். குழுவில் ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டிய பணம். அந்தப் பணம் இப்போது தண்ணீருக்குள்ளே நீந்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு மீனின் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"மீன் வயித்தைப் பத்தி எங்களுக்கே சொல்ல வந்துட்டியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். மீன் குடலை நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அரிவாள்மனையில் கெண்டையை அறுத்தால் என்ன வரும்? சுருள் சுருளாக, அவிழ்க்க அவிழ்க்க நீளமாகக் குடல் வரும். மீன் நீளத்தைப்போலப் பல மடங்கு இருக்கும். விராலை அறுத்தால் அப்படி வராது. குடல் குட்டையாக இருக்கும், பை போல ஒரு இரைப்பையும் இருக்கும். விரால் கறி தின்கிற மீன். ரோகு, மிர்கால், புல்கெண்டை எல்லாம் பாசி, மட்கல், தவிடு, புல் தின்கிற மீன்கள். நாம் வளர்க்கிற இந்தக் கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது. வாயில் போனது தொண்டைக்கு அப்புறம் நேரே குடலுக்குத்தான் போகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், நமக்கு இரைப்பையில் அமிலம் இருக்கிறது. சாப்பாட்டோடு போகிற கிருமிகளில் பெரும்பகுதியை அந்த அமிலம் கொன்றுவிடும். கெண்டைக்கு அந்த வாசல் காவலாளி இல்லை. நாம் போடுகிற தீவனமும் குளத்துத் தண்ணீரும் எப்படி இருக்கிறதோ அப்படியே குடலுக்குள் போய்ச் சேரும். கெட்டுப்போன தீவனம் போட்டால் மீன் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்க முடியாது.

அந்தக் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் கிருமிதான். பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் லேசாகப் புளிக்கிறதே, அதுவும் இவற்றின் வேலைதான். நல்ல கிருமி உண்டு, கெட்ட கிருமி உண்டு, இடம் பார்த்துக் குணம் மாறுகிற கிருமியும் உண்டு.

முட்டைக்குள் இருக்கும்போது மீன் குஞ்சின் குடலில் கிருமி கிடையாது. கெண்டைக் குஞ்சு பொரித்து ஏறக்குறைய மூன்று நாள் தன் வயிற்றோடு ஒட்டியிருக்கிற கருவுணவிலேயே வாழும். பிறகுதான் வாய் திறந்து தண்ணீரையும் தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிரிகளையும் விழுங்கத் தொடங்கும். அப்போதுதான் குடலுக்குக் குடித்தனக்காரர்கள் வருகிறார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, முதலில் வந்தவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். அந்த முதல் தண்ணீர் சுத்தமான குஞ்சுப் பண்ணைத் தண்ணீரா, நாற்றமடிக்கிற தொட்டித் தண்ணீரா என்பது பின்னாலே அந்த மீனின் உடம்பில் தெரியும். குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், பண்ணைத் தொட்டியை எட்டிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் குடித்தனக்காரர்கள் வாடகை கொடுக்காமல் இருப்பதில்லை. என்ன கொடுக்கிறார்கள்?

முதலாவது, சாப்பாட்டைச் செரிக்க உதவுகிறார்கள். மீனின் உடம்பால் உடைக்க முடியாத சில பொருள்களை இவர்கள் உடைத்துக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, சத்து செய்து கொடுக்கிறார்கள். சாதா கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும், அதாவது நம்ம ஜிலேபி மீனுக்கும், தீவனத்தில் பி 12 வைட்டமின் சேர்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. குடலில் இருக்கும் செட்டோபாக்டீரியம் என்கிற நுண்ணுயிரி அதைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய வைட்டமின் அது.

மூன்றாவது, இடத்தை நிறைத்துக்கொண்டு கெட்டவர்களை உள்ளே விடுவதில்லை. நடவு நட்டு பயிர் நன்றாகக் கட்டிவிட்டால் அடியில் களை தலை எடுக்காது அல்லவா? அதே கதைதான். நல்லவை நெருக்கமாக இருந்தால் நோய்க்கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்காது, தின்ன இரையும் கிடைக்காது.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. மீனின் எதிர்ப்பு சக்திக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்கிறேன். மீன் தொட்டிக் கடைகளில் கறுப்பு வரி போட்ட சுண்டுவிரல் அளவு மீன் விற்பார்களே, வரிக்குதிரை மீன், அது வெளிநாட்டு மீன் இல்லை. நம்ம கங்கைப் பக்கத்து வாய்க்கால்களிலும் வயல்களிலும் இருக்கிற நன்னீர் மீன்தான், கெண்டைக்கு உறவு. குஞ்சிலே உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2004-ல் இந்த மீனை ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். முட்டையைச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சுத்தம் செய்து, இரையையும் சுத்தம் செய்து வளர்த்தார்கள். நாம் என்ன நினைப்போம்? கிருமியே இல்லாவிட்டால் மீன் பிரமாதமாக வளரும் என்றுதானே? அப்படி நடக்கவில்லை. குடலின் உள்தோல் செல்கள் புதுப்பிக்கிற வேலை மந்தமானது. சத்தைப் பயன்படுத்துவதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் வேண்டிய பல மரபணுக்கள் சரியாக விழித்துக்கொள்ளவில்லை. கிருமிகளைக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அவை வேலை செய்தன.

ஆக, பகையே தெரியாமல் வளர்ந்த உடம்புக்குப் பகையை எதிர்க்கத் தெரிவதில்லை. குடலில் இருக்கும் நல்ல குடித்தனக்காரர்கள்தான் உடம்பின் காவலர்களுக்கு, "இவன் நம்ம ஆள், இவன் அயலான்" என்று ஆள் காட்டிப் பழக்குகிறார்கள்.

அந்தக் காவலர்கள் யார் யார்? நான் பயிற்சியில் மூன்று கரை என்று சொல்லிக் கொடுப்பேன்.

முதல் கரை, வழவழப்பு. மீனைப் பிடித்தால் கையிலிருந்து நழுவுகிறதே, அந்தக் கோழைதான் மீனுக்குச் சட்டை. அதில் கிருமியைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. சாம்பல் போட்டுத் தேய்த்து நாம் எடுத்துவிடுகிறோமே, அதுதான். குடலின் உள்பக்கத்திலும் இதே மாதிரி கோழைப் பூச்சு உண்டு. உயிர் மீனை முரட்டு வலையில் அரித்தாலும், தரையில் கொட்டிப் புரட்டினாலும் முதல் கரை உடைந்துவிடும்.

இரண்டாவது கரை, விழுங்குகிற செல்கள். 1882-ல் இலியா மெட்ச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊரில் இருந்தபோது, கண்ணாடி போல இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூட்டமாக மொய்த்து அதை விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே மனிதர்தான் பிற்பாடு, தயிரில் இருக்கும் கிருமி குடலுக்கு நல்லது என்றும் எழுதினார். எதிர்ப்பு சக்தியையும் குடல் கிருமியையும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த ஒரே மனிதர் தொட்டுப் பேசியிருக்கிறார்.

மூன்றாவது கரை, எதிர்ப்புப் புரதம். ஒரு கிருமி ஒருமுறை வந்தால் அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே செய்கிற ஆயுதம். மீன் கழுவும்போது வயிற்றுக்குள்ளே, முதுகெலும்போடு ஒட்டிக் கறுஞ்சிவப்பாக, உறைந்த ரத்தம் மாதிரி நீளமாக ஒன்று இருக்குமே, விரலால் சுரண்டி எடுப்போமே, அது ரத்தம் இல்லீங்க. அது மீனின் சிறுநீரகம். அதில் தலைப்பக்கத்துப் பாகம் ரத்த செல்களை ஊற வைக்கிற இடம். நமக்கு எலும்பு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்கு அதுதான் செய்கிறது. அங்கிருந்தும் மண்ணீரலிலிருந்தும்தான் இந்தப் படை கிளம்பும். மீனுக்கென்று தனியாக ஐ.ஜி.டி. என்ற எதிர்ப்புப் புரதம் இருப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். டிரவுட் என்ற குளிர்நாட்டு மீனின் குடலில் அதுதான் காவல் நிற்கிறது, குடலில் இருக்கும் கிருமிகளைப் போர்த்திக் கட்டுக்குள் வைக்கிறது என்று 2010-ல் காட்டினார்கள்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடம்பும் குளிரும். அப்போது மூன்றாவது கரையின் வேலை மெதுவாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழிப் பனி இறங்கும்போதுதான் நம்ம குளங்களில் புண் நோயும் சிவப்புப் புள்ளியும் வருகிறது. அது சாமி குத்தம் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. காவலுக்கு இருக்கிறவர்கள் அசந்த நேரம் பார்த்துத் திருடன் வருகிறான்.

அந்தத் திருடனும் வெளியூர்க்காரன் இல்லை. சிவப்புப் புள்ளியும் வயிறு வீக்கமும் கொண்டுவரும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா எப்போதுமே குளத்துத் தண்ணீரில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கிறது. சாதாரண நாளில் அது சும்மா இருக்கும். தண்ணீரில் பிராணவாயு குறைந்து, கழிவு அமோனியா ஏறி, மீன் நெருக்கடியில் தவித்து, குடலின் நல்ல கிருமிகள் குறைந்தால் அது தலை தூக்கும். அப்படியென்றால் கிருமியைத் தேடிக் கொல்வது முதல் வேலையா, மீன் தவிக்காமல் பார்ப்பது முதல் வேலையா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி எங்கள் குழுவுக்கு நேராகவே வந்தது. ஊராட்சிக் குளத்தை மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். முதல் வருஷத்து மார்கழி. பத்து நாளாக வெயிலையே காணோம், ஒரே மூடாக்கு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இரண்டு நாள் கழித்து மிர்காலில் செதில் அடியில் சிவப்பு தெரிந்தது. காலையில் கரையோரம் நாலு, மறுநாள் ஒன்பது என்று மிதக்கத் தொடங்கியது. ஊர் முழுக்கப் பேச்சு. "பொம்பளைங்க கூடிக் குளம் எடுத்தா இப்படித்தான்" என்று டீக்கடையில் சொன்னதும் எங்கள் காதுக்கு வந்தது.

அன்றைக்கு மத்தியானமே மருந்து விற்கிறவர் ஒருவர் பைக்கில் வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலம் எடுத்தார். மேலே பெயர் கிடையாது, என்ன மருந்து என்று எழுத்தும் கிடையாது. "அம்மா, இதைத் தீவனத்துல கலந்து அஞ்சு நாள் போடுங்க. புண்ணு, சிவப்பு எல்லாம் ஓடிப்போயிடும். காசு இப்ப வேணாம், மீன் பிடிச்சப்புறம் குடுங்க" என்றார். கடனுக்கு மருந்து. ஆபத்தில் இருக்கிறவளுக்கு அதைவிட இனிப்பான சொல் உண்டா?

அன்று ராத்திரி குழு கூடியது. பாதிப் பேர் வாங்கலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தி மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் அந்த மீனில்தான் கட்ட வேண்டும். எங்கள் குழுவிலேயே வயதில் மூத்த அத்தை ஒருத்தர், "என்ன மருந்துன்னு பேரு கேட்டீங்களாடி? பேரு தெரியாத ஆளுக்கு நாம கடன் குடுப்போமா? பேரு தெரியாத மருந்தை மட்டும் எதுக்கு மீனுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. முதலில் பரிசோதனை, பிறகு மருந்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் தீவனத்தை நிறுத்தினோம். சாகக் கிடக்கிற, ஆனால் உயிர் இருக்கிற மீன் மூன்றை ஆக்சிஜன் பையில் குளத்துத் தண்ணீரோடு போட்டு, ஒரு பாட்டிலில் தனியாகத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். செத்து நாறின மீனைக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது, செத்த பிறகு எல்லாக் கிருமியும் புகுந்துவிடும். கரையில் இருந்த நாங்கள் சுண்ணாம்பு போடத் தயாராக மூட்டையைப் பிரித்துவிட்டோம். அதற்குள் போன் வந்தது. "அக்கா, சுண்ணாம்பைப் போட்றாதீங்க! தண்ணியில அமோனியா ஏறிக் கிடக்காம். இப்ப சுண்ணாம்பு போட்டா காரம் கூடி, அமோனியா இன்னும் விஷமாயிடுமாம்."

பரிசோதனை செய்தவர் சொன்னது இதுதான்: பாக்டீரியா இருக்கிறது, ஆனால் அதற்கு வழி விட்டது தண்ணீர். அடித் தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள், ராத்திரியில் மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தூக்கி அடியுங்கள், பெரிய மீன்களைப் பிடித்து நெருக்கத்தைக் குறையுங்கள், தீவன மூட்டையைப் பாருங்கள். மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். கடையிலிருந்து மழையில் வந்த கடலைப் புண்ணாக்கு மூட்டை ஒன்றில் அடிப்பக்கம் பச்சையாகப் பூஞ்சாணம் கட்டியிருந்தது. அதைத் தூக்கிக் குழியில் புதைத்தோம்.

மீன் சாவது அன்றைக்கே நிற்கவில்லை. இன்னும் ஆறு நாள் செத்தது. ஒவ்வொரு நாளும் காலையில் எண்ணும்போது வயிறு எரியும். ஏழாம் நாள் ஒன்றும் மிதக்கவில்லை. எதிர்பார்த்த லாபத்தில் பாதிதான் கைக்கு வந்தது. ஆனால் வங்கித் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, கல்லூரிக் கட்டணமும் கட்டியாச்சு. அடுத்த வருஷம் அதே குளத்தில், அதே மார்கழியில், எங்களுக்கு நோய் வரவில்லை.

அந்தப் பொட்டலத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பயிற்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படி விற்பவற்றில் பலவும் ஆன்டிபயாடிக். முதல் சங்கதி, நோய் வந்த மீன் இரை எடுக்காது. மருந்து கலந்த தீவனம் நல்ல மீன் வயிற்றுக்கும் குளத்துச் சேற்றுக்கும்தான் போகும். இரண்டாவது, ஆன்டிபயாடிக்குக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி பேதம் தெரியாது. குடலில் பயிரையும் களையையும் சேர்த்து அழித்துவிடும். காலியான வயலில் முதலில் முளைப்பது களைதானே? அதனால் மருந்து நிறுத்திய பிறகு மீன் முன்னைவிடச் சுலபமாக நோயில் விழலாம். மூன்றாவது, சேற்றில் அமோனியாவை மாற்றிச் சுத்தம் செய்கிற கிருமிகளும் அடிபடும், தண்ணீர் இன்னும் கெடும். நான்காவது, தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பழகிய வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் சொல்லிக் கொடுக்கும். அந்தக் குளத்தில்தான் நாம் துணி துவைக்கிறோம், பிள்ளைகள் குளிக்கிறார்கள், அந்த மீனைத்தான் வீட்டில் குழம்பு வைக்கிறோம். நாளைக்கு நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் ஊசி போட்டால், அது கேட்காமல் போகக் கூடாது அல்லவா? குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை உணவு மீனுக்குப் போடவே கூடாது என்று சட்டமே இருக்கிறது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில நோய்க்கு மருந்து வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள், மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்து மீனை விற்கலாம் என்பதையெல்லாம் படித்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பைக்கில் வந்தவர் வாய்ச்சொல் போதாது.

சரி, மீன் குடலையும் எதிர்ப்பு சக்தியையும் காப்பாற்ற நாம் என்ன செய்யலாம்? எல்லாமே நம்ம கைக்கு எட்டுகிற வேலைகள்தான்.

தீவனத்தை அளந்து போடுங்கள். குளத்தில் 1,000 மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ என்றால் மொத்தம் 250 கிலோ. அதில் 2 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 5 கிலோ. மீன் எடை தெரியாமல் தீவனம் போடுவது, தலை எண்ணாமல் சோறு வடிப்பது மாதிரி. மாதம் ஒருமுறையாவது வீச்சு வலை போட்டு எடை பாருங்கள். தவிடும் புண்ணாக்கும் ஓட்டை போட்ட பையில் கட்டித் தொங்கவிட்டால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். மூடாக்கு நாளிலும் மீன் வாய் பிளக்கிற நாளிலும் போடாதீர்கள். தீவனம் மாற்ற வேண்டுமென்றால் ஒரேயடியாக மாற்றாமல் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். குடலில் இருக்கிறவர்களும் புது இரைக்குப் பழக வேண்டும்.

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சாணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். புவனேஸ்வரில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ரோகு மீனில் பார்த்து, இந்த நஞ்சு எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் காய வைத்தால் பூஞ்சாணம் உதிரும், நஞ்சு போகாது. விலை மலிவு என்று அதை வாங்காதீர்கள்.

தண்ணீரைத் தினமும் கையால் பாருங்கள். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாக மறைய வேண்டும். அதற்கு முன்னாலேயே மறைந்தால் பாசி அதிகம், உரத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். முழங்கை தாண்டியும் தெளிவாகத் தெரிந்தால் இரை குறைவு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருத்தர் முறை வைத்துக் குளத்தைப் பார்த்து வர வேண்டும். பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான்.

ஆசைப்பட்டு நெருக்கி விடாதீர்கள். காற்றூட்டும் கருவி இல்லாத ஊராட்சிக் குளத்தில் ஏக்கருக்கு 2,000, மிஞ்சினால் 2,500 விரலளவுக் குஞ்சு போதும். மேலே மேய கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று கலந்து விட்டால் மூன்று தட்டும் மேயும்.

இனி புரோபயாடிக். கடையில் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். "நல்ல கிருமி" என்று சொல்லி விற்பது பொய்யில்லை. மும்பையில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவன விஞ்ஞானிகள், பேசிலஸ் சப்டிலிஸ் என்ற நல்ல பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து ரோகுவுக்குக் கொடுத்து, பிறகு ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். நல்ல கிருமி சாப்பிட்ட மீன்களில் அதிகம் பிழைத்தன. 2006-ல் வெளியான ஆய்வு இது. ஈஸ்டில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற பொருளும் விழுங்குகிற செல்களைச் சுறுசுறுப்பாக்கும். ஆனால் நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தார்கள், வந்த பிறகு அல்ல. உறை மோர் ஊற்ற வேண்டியது நல்ல பாலில். திரிந்த பாலில் ஊற்றி என்ன பயன்? வாங்கினால் டப்பாவில் கிருமியின் பெயர், எண்ணிக்கை, காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கோடும் கிருமிநாசினியோடும் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு கையால் விதைத்து மறு கையால் பிடுங்குகிற வேலை அது.

சகோதரிகளே, இதையெல்லாம் ஒரு குழு தனியாகச் செய்வது கஷ்டம். கூட்டமைப்பு சேர்ந்தால் சுலபம். அதனால் இந்த மேடையில் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, மீன் வளர்க்கிற எல்லாக் குழுவுக்கும் தீவனத்தைக் கூட்டமைப்பே மொத்தமாக வாங்கட்டும். மூட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பணம். தனி ஆளாகப் போனால் கடைக்காரர் நம்மிடம் "வேணும்னா எடுங்க" என்பார். ஐம்பது மூட்டைக்கு ஆர்டர் கொடுத்தால் அப்படிச் சொல்ல மாட்டார்.

இரண்டு, சேமிப்புக்கும் உள்கடனுக்கும் பேரேடு வைத்திருக்கிற மாதிரி, ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நோட்டு. எத்தனை குஞ்சு விட்டோம், எவ்வளவு தீவனம், எத்தனை மீன் செத்தது, காலையில் மீன் எப்படி நின்றது. எழுதத் தெரியாதவர் சொன்னால் தெரிந்தவர் எழுதட்டும். நோய் வந்தால் அந்த நோட்டுதான் பாதி வைத்தியம்.

மூன்று, பரிசோதனை இல்லாமல் எந்தக் குளத்திலும் ஆன்டிபயாடிக் போடுவதில்லை என்று இன்றைக்கே தீர்மானம் போடுவோம். 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகங்கள் இருக்கின்றன. மீனை உயிரோடு கொண்டுபோகும் பஸ் செலவைக் கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து கொடுங்கள். மார்கழி ராத்திரியில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னக் குழுவுக்கு அந்தச் சின்னத் தொகைதான் பெரிய தைரியம். அந்தத் தைரியம் இருந்தால் கடனுக்கு நீட்டுகிற பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும்.

நாம் குழு தொடங்கினபோது வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்றுதான் சேர்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னதாகச் சேர்ந்தது இன்றைக்கு எத்தனை வீட்டைத் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். மீன் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் நடக்கிறது. அடுத்த முறை மீன் அறுக்கும்போது குடலை உருவி எறிவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பாருங்கள். சிவந்து வீங்கியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, இரை இருக்கிறதா, காலியா என்று பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள்.

இந்தத் தீர்மானத்தை ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்பார். கையைத் தூக்கிவிட்டுப் போவதோடு விடாமல், ஊருக்குப் போனதும் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வராதவர்களுக்கும் போய்ச் சேரட்டும்.